காலி அறையில் ஒரு பீரோ

“ஹலோ... ஹலோ, அண்ணாச்சியா? ... ஆமா, ஆமா, பூமாரிதான் பேசுதேன். ... கேக்குது, நல்லாக் கேக்குது. நீங்களே போன் போட்டுட்டியளே, வயித்துல பால வாத்திய! காலையில இருந்து உங்க நம்பரத்தான் அமுக்கிக்கிட்டே இருக்கேன், சுவிச் ஆப்பு, சுவிச் ஆப்புன்னே சொல்லுது. ... ஆமா... ஆமா... பூட்டிக் கெடக்கு அண்ணாச்சி. நம்ம ரூமு பூட்டிக் கெடக்கு. நம்ம பூட்டு இல்ல, எவனோ புதுப் பூட்டு போட்டிருக்கான். ஒரு கிலோ இருக்கும். எரும மாட்டுக் கொளம்பு கணக்காத் தொங்குது.”

பூமாரி நின்றுகொண்டிருந்தது தாராவியில் மாநகராட்சியின் பழைய பள்ளிக்கூடக் கட்டடத்தின் கீழ்த்தளத் தாழ்வாரத்தில். திங்கட்கிழமை, காலை எட்டே முக்கால். மேல் இரண்டு மாடிகளில் பள்ளிக்கூடம் நடக்கிறது. கீழே மூன்று அறைகள். முதல் அறையில் பால்வாடி, இரண்டாவதில் முதியோர் சங்கத்தின் கேரம் போர்டு, மூன்றாவதில் பதினான்கு வருஷமாகப் பூமாரி. பொதுக் கட்டடங்களைத் தொண்டு நிறுவனங்களோடு பகிர்ந்துகொள்ளும் திட்டம் என்று இதற்கு ஒரு நீண்ட பெயர் உண்டு. அரசு ஒரு அறையைக் கொடுக்கும். தொண்டு நிறுவனம் அதில் ஒட்டடை அடித்து, எலி பிடித்து, பல்பு மாற்றி, கூரை ஒழுகினால் வாளி வைத்து, விழா நாளில் மேடையேறி அரசுக்கு நன்றி சொல்லும். பகிர்வு என்றால் அதுதான்.

மூன்றாம் அறைக்கு உரிய நிறுவனத்தின் பெயர் கைவிளக்கு அறக்கட்டளை. அதன் தலைவர் நம்பிராஜன்தான் இப்போது போனின் மறுமுனையில் இருந்தார். ஒரு காலத்தில் இதே தாராவியில் தோல் பை தைக்கும் பட்டறையில் கூலிக்கு இருந்தவர். இப்போது நவி மும்பையில், நெருளில் பிளாட். அவருடைய விசிட்டிங் கார்டு இரண்டு பக்கமும் நிரம்பி, பட்டங்கள் கொள்ளாமல், நடுவில் மடிப்பு வைத்து அச்சடிக்கப்பட்டது. அதை முழுக்க விரித்தால் விசிறிக்கொள்ளலாம்.

“சாவியா? எந்தச் சாவி? ... ஓ, பீரோ சாவியா. என்கிட்டத்தான் இருக்கு, இடுப்புல. எங்க போவும்? ... அதப் பத்தி நீங்க கவலப்படாதிய. எனக்கு இந்த வாசப் பூட்டுதான் கவல. வார்டு ஆபீஸ்ல எவனோ ரூமு மாத்திப் பூட்டிட்டுப் போயிருக்கான் போல. நீங்க ஒரு போனப் போட்டு அங்க உள்ள இன்ஜினியரு சாப்கிட்ட நாலு வார்த்த கேளுங்க. உங்க குரலக் கேட்டாலே ஓடி வருவாவள்லா. ... ஆமா... ஆமா... என்னது? ... திரும்பவும் சாவியா? இருக்குன்னு சொல்லுதேன்லா, இந்தா குலுக்குதேன், சத்தம் கேக்குதா?”

குலுக்கினாள். இடுப்பில் சொருகிய சுருக்குப்பைக்குள் அந்த ஒற்றைச் சாவி சத்தம் போட வழியில்லை. ஆனாலும் அண்ணாச்சி கேட்டார் என்பதற்காகக் குலுக்கினாள். நாற்பத்தாறு வயதில் பூமாரி இன்னும் அப்படித்தான் இருந்தாள்.

அவளைச் சுற்றித் தாழ்வாரம் முழுக்க மூன்றாம் அறையின் சாமான்கள் கிடந்தன. எடை பார்க்கும் மெஷின், தண்ணீர்க் குடம், எவர்சில்வர் தம்ளர்கள், பிளாஸ்டிக் ஸ்டூல்கள், ஒரு பழைய தையல் மெஷின். வெள்ளிக்கிழமை வெளியே எடுத்து வைத்தவை. சனிக்கிழமை, வெள்ளையடித்துப் புதுக் கதவு போட்ட அறைக்குத் திறப்பு விழா. பொன்னாடை, தேங்காய், ரிப்பன், சமோசா எல்லாம் முடிந்து பெரிய மனிதர்கள் கார் ஏறும்போது பொழுது சாய்ந்துவிட்டது. திங்கட்கிழமை காலையில் உள்ளே வைத்துக்கொள்ளலாம் என்று பூமாரி வீட்டுக்குப் போனாள்.

“அதாவது அண்ணாச்சி, எனக்கு என்ன பயம்னா, இன்னைக்கு ஒரு நாளைக்குத்தான் மாத்திரை வெளிய இருக்கு. நீங்க சாமான் பூராத்தையும் வெளிய எடுக்கச் சொன்னியள்லா, அப்பம் சனி, ஞாயிறு, திங்கள் மூணு நாளைக்குள்ளத மட்டும் பையில போட்டுக்கிட்டேன். ஞாயித்துக்கெழமைக்குள்ளத சனிக்கெழமையே குடுத்தாச்சு. மிச்சமெல்லாம் பீரோவுலதான். நாப்பத்தியொரு பேருக்கு மாசத்துக்குள்ள மாத்திரை, கார்டு, எக்ஸ்ரே எல்லாம். நாளைக்குக் காலையில நான் என்னத்தக் குடுக்க? நடுவுல விட்டா சீக்கு திரும்ப ஏறிக்கிடும்லா. உங்களுக்குத் தெரியாததா? ... ஆமா. ... அட, பீரோவ ஏன் வெளிய எடுக்கலன்னா கேக்கிய?”

பூமாரி சிரித்தாள். மாட்டிக்கொண்ட பிள்ளையின் சிரிப்பு.

“வையாதிய அண்ணாச்சி. எடுக்கத்தான் பாத்தோம். ஆறு பேரு சேந்து தள்ளுனோம். புதுசாப் போட்ட இரும்பு வாசல் நாலு விரக்கட சின்னதாப் போச்சு. பீரோ வர மாட்டேன்னுட்டு. கதவு வாரதுக்கு முந்தி வந்த பீரோல்லா. என்ன செய்யன்னு பாத்தேன். நீங்க ஒரு துரும்பு இருக்கப்படாதுன்னு சொல்லிட்டிய. அதான் உங்க பேனரு வந்துச்சுல்லா, ஆளுயரத்துக்கு, கையக் கூப்பிக்கிட்டு நிக்க மாரி? அத பீரோவுக்கு முன்னால இழுத்துக் கட்டிட்டோம். சரியா பீரோ அளவுதான் இருந்திய. ... உங்ககிட்டச் சொல்லல. விழா நேரத்துல கோவப்படுவியன்னு. ... ஹலோ? ... அண்ணாச்சி? ... இல்ல, திடீர்னு சத்தத்தக் காணும், அதான்.”

தையல் மெஷின் மேல் கையை ஊன்றிக்கொண்டாள். அந்த மெஷினில் பதினான்கு வருஷமாக யாரும் ஒரு கைக்குட்டை கூடத் தைத்ததில்லை. மூன்றாம் அறையின் வாசலில் ‘கைவிளக்கு தையல் வகுப்பு’ என்று போர்டு தொங்கும். உள்ளே நடப்பது காசநோய்க்கு மாத்திரை கொடுப்பது. வீட்டில் சொல்ல முடியாதவர்கள், சொன்னால் வேலை போகும், சம்பந்தம் முறியும், தட்டு தனியாகிவிடும் என்று பயப்படுகிறவர்கள், தையல் வகுப்புக்குப் போகிறேன் என்று சொல்லிவிட்டு வருவார்கள். பூமாரி கதவைச் சாத்துவாள். தம்ளரில் தண்ணீர் கொடுப்பாள். விழுங்கும் வரை முகத்தைப் பார்த்துக்கொண்டு நிற்பாள். வெளியே போகும்போது தோளில் ஒரு நூல் துண்டைத் தூவி அனுப்புவாள். ஆறு மாதத்தில் நோய் போய்விடும். தையல் மட்டும் யாருக்கும் வராது. சில மாமியார்கள் வந்து, இத்தனை மாசமாகியும் மருமகளுக்கு ஒரு ஜாக்கெட் வெட்டத் தெரியவில்லையே, என்ன டீச்சர் நீ என்று பூமாரியைத் திட்டிவிட்டுப் போயிருக்கிறார்கள். அந்தத் திட்டுகளை அவள் பாராட்டுப் பத்திரங்களாகச் சேர்த்து வைத்திருந்தாள்.

“மெஷினா? வெளியத்தான் கெடக்கு. நனையல. நீங்க ஆறு மாசமா ரிப்பேர் பண்ண மெஷினாச்சே, அத நனைய விடுவனா? ... பீவிக்கா இப்பத்தான் சொல்லிச் சிரிக்கா, அண்ணாச்சி அத்தன நாளு முடுக்கியும் அது இன்னைக்கு வரைக்கும் ஓடலியேன்னு.”

அது தெருவே அறிந்த வேடிக்கை. நம்பிராஜன் தலைவராகும் முன் இந்த மெஷினை ரிப்பேர் செய்ய ஆறு மாதம் தினமும் ஸ்குரூ டிரைவரோடு வந்தார் என்பதும், மெஷின் ஒரு தையல் கூடப் போடவில்லை என்பதும். ஸ்டூலில் உட்கார்ந்திருந்த மதீனா பீவி, மூன்று வருஷத்துக்கு முன் குணமாகி இப்போது குடத்தில் தண்ணீர் பிடித்து வைக்கும் பொறுப்பைத் தானே எடுத்துக்கொண்டவள், வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தாள். அவளுக்குப் பக்கத்தில் ஷாலினி சிரிக்காமல், துப்பட்டாவை முகத்துக்கு இழுத்துவிட்டு, சுவரைப் பார்த்து நின்றாள். கல்யாணமாகி எட்டு மாதம். மாத்திரைக்கு நாலாவது மாதம். தாழ்வாரத்தின் எதிரே வாசல், வாசலுக்கு எதிரே அவள் மாமியார் தினமும் பால் வாங்கும் கடை.

“அண்ணாச்சி, இன்னொண்ணு. கதவுல ஒரு தாளு ஒட்டிருக்கு. மராட்டியில இருக்கு. எனக்கு மராட்டியில சண்ட போடத்தான வரும், வாசிக்க வராதுல்லா. ... இருங்க, இந்தா ஷாலினி நிக்கா, மேல் மாடியிலதான் படிச்சா. ஏளா, அதக் கொஞ்சம் வாசிச்சுச் சொல்லு. ... லைன்லயே இருங்க அண்ணாச்சி. யாரு கையெழுத்து போட்டிருக்கான்னு தெரிஞ்சா நீங்க ஆபீஸ்ல சண்ட போட வசதியா இருக்கும்லா. ... இருங்க, இருங்க. சாவி எங்கயும் ஓடிராது. ... இல்ல, வாசிக்கட்டுமே! வாசிக்கதுல என்ன?”

ஷாலினி வாசித்தாள். மராத்தியில் ஒரு வரி, தமிழில் ஒரு வரி, நடுவே இந்தியில் ஒரு திணறல். அது ஒரு பஞ்சநாமா. ஆட்கள் முன்னிலையில் இடத்தைப் பார்வையிட்டு எழுதிய அறிக்கை. சனிக்கிழமை பன்னிரண்டரை மணிக்கு மூன்றாம் அறையை வார்டு இன்ஜினியர் பார்வையிட்டுப் படம் எடுத்தார். அறையில் பொருள் ஏதுமில்லை, ஆள் யாருமில்லை, பயன்பாடு ஏதுமில்லை. அறை காலி. பகிர்வுத் திட்டத்தின் விதிப்படி காலியாகக் கிடக்கும் அறை, விண்ணப்பித்துக் காத்திருக்கும் அடுத்த நிறுவனத்துக்குப் போகும். ஆகவே ‘ஆனந்த அலை புன்னகை மையம்’ என்ற அமைப்புக்குக் கொடுக்கப்படுகிறது. சாட்சிக்கு ஒரு போட்டோ: பளபளவென்று வெறும் தரை, சுவரில் கைகூப்பிய நம்பிராஜன்.

கீழே இரண்டு கையெழுத்துகள். அறை காலிதான், ஒப்படைக்கச் சம்மதம் என்று கைவிளக்கு அறக்கட்டளைத் தலைவர் நம்பிராஜன். பெற்றுக்கொண்டோம் என்று ஆனந்த அலையின் கௌரவ துணைத் தலைவர் நம்பிராஜன். இடது கை கொடுக்க வலது கை வாங்கியிருக்கிறது. நடுவில் பொன்னாடை தொங்கியிருக்கிறது.

ஷாலினி அந்தப் பெயரை இரண்டு தடவை வாசித்தாள். முதல் தடவை தான் தப்பாக வாசித்துவிட்டதாக நினைத்து.

“... இருக்கேன். ... லைன்லதான் இருக்கேன். ... ஒண்ணுமில்ல. வாசிச்சாச்சு. ... ஆமா. ... ஆமா. ... ஆமா, தலைவரே. ... ஏன், தலைவர்தான நீங்க? ரெண்டு எடத்துல போட்டிருக்கே. ஒண்ணுல தலைவரு, ஒண்ணுல துணைத் தலைவரு. நீங்களே உங்களுக்குத் துணையாப் போயிருக்கிய.”

குரல் உயரவில்லை. மதீனா பீவி சிரிப்பை நிறுத்தி எழுந்து நின்றாள்.

“கத்தல. நான் எங்க கத்துதேன்? கத்துனா பால்வாடிப் பிள்ளைய அழும். ... வெள்ளிக்கெழம என்ன சொன்னிய? சும்மா சொல்லுங்க, என்ன சொன்னிய? ‘பூமாரி, பெரிய மனுசங்க வாராவ, ரூமு கண்ணாடி மாரி இருக்கணும், ஒரு துரும்பு கெடக்கப்படாது.’ சொன்னியளா இல்லியா? ... சொன்னிய. விசேசம்னா சாமானத் தூக்கி வெளிய போட்டுட்டு வீட்ட ஒதுக்குவோம், அது நம்ம பழக்கம். அந்தப் பழக்கத்துல செஞ்சேன். பன்னெண்டு பொம்பளைய சேந்து சோடா உப்பு போட்டுத் தேச்சோம். பீவிக்காவுக்கு மறுநாளு இடுப்பு நிமிரல. ஆக, எங்க ரூம எங்க கையாலேயே காலி பண்ணி, தொடச்சு, வாசல்ல கோலமும் போட்டு உங்ககிட்டக் குடுத்திருக்கோம். கோலம் எதுக்குத் தெரியுமா? அந்த இன்ஜினியரு நின்னு போட்டோ எடுக்க. ... நானே அவருக்கு சமோசா குடுத்தேன். ரெண்டு. சட்னி வேணுமா சாப்னு கேட்டேன்.”

அதுதான் அவளைச் சுட்டது. அந்த சட்னி. கேமராவைக் கழுத்தில் தொங்கவிட்டு வந்தவரைப் பத்திரிகைக்காரர் என்று நினைத்து, பக்கத்திலேயே நின்று விசிறி விட்டிருந்தாள்.

“... ம். ... ம். ... எங்களுக்காகவா? ... எங்க நல்லதுக்காகவா பண்ணிய? ... சரி. ... சரி, என்ன நல்லது, சொல்லுங்க, கேக்கேன். ... சிரிப்பு வைத்தியமா? ... வட்டமா நின்னா? ... கையத் தூக்கிக்கிட்டு ஹா ஹான்னா? ... எதப் பாத்து சிரிப்பாவ? ... ஒண்ணையும் பாக்காமயா! ... ஓஹோ, மனசுக்கு நல்லது. ரத்த ஓட்டத்துக்கு நல்லது. ... பெரிய எடத்து ஆளுக நடத்துதாவ, போட்டோ வரும், சரி. ... தலைவரே, ஒண்ணு கேக்கேன், கோவப்படாதிய. இருமுதவனுக்கு எடமில்ல, சும்மா நின்னு சிரிக்கவனுக்கு எடமா?”

மறுமுனையில் ஒரு நீண்ட சொற்பொழிவு ஆரம்பித்திருக்க வேண்டும். பூமாரி போனைக் காதிலிருந்து அரை அடி தள்ளிப் பிடித்துக்கொண்டு, மறு கையால் ஷாலினியின் துப்பட்டாவை இன்னும் கொஞ்சம் இழுத்துவிட்டாள். விழா மேடைகளில் நம்பிராஜன் பேசும்போதும் அவள் இப்படித்தான், அவருடைய பேச்சு முடிகிற சுருதியை மட்டும் காத்திருந்து கேட்டுக் கை தட்டுவாள்.

“... ம். ... ஆமா. ... எங்க? ... நெருள்லயா? ... உங்க பிளாட்டுக்குக் கீழ, சொசைட்டி ஹால்ல. ... வாரத்துல ஒரு நாளு. ... நல்ல காத்தோட்டம். சரிதான். அதாவது, தாராவியில இருக்கவ ஒரு மாத்திரை முழுங்குறதுக்கு சயான்ல ரயிலேறி, குர்லாவுல மாறி, நெருள்ல எறங்கி, உங்க சொசைட்டி வாட்ச்மேன்கிட்ட, ஐயா நான் சீக்குக்காரி, உள்ள விடுன்னு கையெழுத்து போட்டுட்டு வரணும். இந்தா ஷாலினி நிக்கா. மாமியார்கிட்ட தையலுக்குப் போறேன்னு அரைமணி நேரம் வாங்கிட்டு வாரா. நெருளுக்குப் போயிட்டு வந்தா அவள எங்க வைப்பாவ தெரியுமா? ஊருக்கு ரயிலேத்திருவாவ. ... தெரியும்லா உங்களுக்கு? உங்களுக்குத் தெரியாமயா?”

நிறுத்தினாள். அந்தக் கடைசிக் கேள்வியை அவள் வேறு யாரிடமும் கேட்டிருக்க மாட்டாள்.

“... ஆமா. ... ஆமா, சாவி இருக்கு. ... நாலாவது தடவ கேக்கிய தலைவரே. ... எதுக்கு? ... இல்ல, எதுக்குன்னு கேக்கேன். ... பதினோரு மணிக்கா? ... யாரு வாரா? ... வெல்டிங்காரனா?!”

மாத்திரைக்காகத் தாழ்வாரத்தில் வரிசையில் உட்கார்ந்திருந்த ஏழெட்டுப் பேரும் நிமிர்ந்தார்கள்.

“வெட்டப் போறானா! பீரோவயா! ... கேஸ் கட்டர் வச்சா! ... உள்ள மாத்திரை இருக்குய்யா! காகிதம் இருக்கு, எக்ஸ்ரே இருக்கு, எல்லாம் பத்திக்கிட்டுப் போவும்லா! ... ஓ. வாசல் வழியா வராது, அதனால துண்டு துண்டா எடுத்துட்டுப் போவாவளாம். ... நேத்து வந்து பேனர அவுத்துப் பாத்தப்பத்தான் தெரிஞ்சுதாமா. ... அதனால அதுக்கு முந்தி நீங்க சாவிய வாங்கி, தெறந்து... ம். ... ம். ... கொஞ்சம் பொறுங்க.”

பூமாரி போனைக் காதிலிருந்து எடுத்து, ஸ்பீக்கரைப் போட்டு, தண்ணீர்க் குடத்தின் மூடி மேல் வைத்தாள். அந்த ஏழெட்டுப் பேரும் குடத்தைச் சுற்றி நின்றார்கள். பால்வாடி ஆயாவும் ஒரு குழந்தையை இடுக்கிக்கொண்டு வந்துவிட்டாள்.

“இப்பச் சொல்லுங்க தலைவரே, கையில வேல, அதான் போன கீழ வச்சிருக்கேன். ... ஆமா. நான் கேக்கதுக்கு மட்டும் பதில் சொல்லுங்க. அந்த ரூமு காலியா? ... காலிதான. கையெழுத்து போட்டிருக்கிய. ஒரு பொருளும் இல்ல, சரி. அப்பம் காலி ரூமுக்கு எதுக்கு பீரோ சாவி? ... இல்ல, சொல்லுங்க. ... எந்த பீரோ? ... கொஞ்சம் சத்தமா. ... உள்ள இருக்க பீரோவா. யாரோட பீரோ? ... நம்ம பீரோ! கேட்டுக்கிடுங்க. நம்ம பீரோவாம். நேத்து வரைக்கும் எந்தப் பேனருக்குப் பின்னால இருந்துச்சு? ... உங்க பேனருக்குப் பின்னால. அதுக்கு முன்னால யாரு நின்னு போட்டோ எடுத்தா? ... அப்பம் நாப்பத்தியொரு பேரு மருந்த முதுகுக்குப் பின்னால வச்சுக்கிட்டு, முன்னால நின்னு காலின்னு கையெழுத்து போட்டிருக்கிய.”

யாரோ கை தட்டினார்கள். பூமாரி முறைத்ததும் நின்றது. கை தட்டலில் அவளுக்கு ஆசையில்லை. பதினான்கு வருஷம் இந்த மனிதருக்காகத் தட்டித் தட்டி உள்ளங்கை காய்த்திருந்தது.

“... யாரும் இல்ல. பால்வாடிப் பிள்ளைய சத்தம். ... பேச்ச மாத்தாதிய. ... எதுக்கு அவ்வளவு அவசரம் அந்தச் சாவிக்கு? மாத்திரைக்காகவா? ... அதுக்கில்ல. அப்பம்? ... என்ன கார்டு? ... பழைய கார்டா, எத்தனாம் நம்பரு? ... ஒண்ணாம்...”

பூமாரியின் கட்டைவிரல் ஸ்பீக்கரை அணைத்தது.

அணைக்க வேண்டும் என்று அவள் யோசிக்கவில்லை. கொதிக்கும் பாலைக் கண்டதும் அடுப்புக்குப் போகிற கை அது. போனை எடுத்துக் காதில் அழுத்திக்கொண்டு, கூட்டத்தைப் பிளந்து, தாழ்வாரத்தின் கோடியில், மாடிப்படிக்குக் கீழே, பள்ளிக்கூடத்து உடைந்த பெஞ்சுகள் அடுக்கியிருந்த மூலைக்குப் போய்விட்டாள்.

“... சொல்லுங்க. ... இல்ல, யாருக்கும் கேக்காது. தள்ளி வந்துட்டேன். ... இல்ல, அவங்க ஒண்ணும் கேக்கல. ... மூச்சு வாங்காதிய, பைய சொல்லுங்க.”

பதினான்கு வருஷத்துக்கு முந்திய நம்பிராஜனின் எடை முப்பத்தெட்டு கிலோ. கர்சீப்பில் ரத்தத்தோடு, பை தைக்கும் பட்டறையிலேயே படுத்து எழுந்துகொண்டிருந்தவர். தெரிந்தால் பாயோடு தெருவில் எறிவார்கள். கைவிளக்கின் முதல் நோயாளி அவர்தான். அப்போது அறையில் ஓடாத ஒரு பழைய மெஷின் மட்டும் இருந்தது. இதை ரிப்பேர் பண்ண வாரேன்னு சொல்லிக்கோங்க அண்ணாச்சி என்று பூமாரிதான் யோசனை சொன்னாள். ஆறு மாதம், தினமும் காலை ஏழு மணி, கையில் ஸ்குரூ டிரைவர். கதவைச் சாத்தி, தம்ளரைக் கொடுத்து, அவர் விழுங்குவதைப் பார்த்துக்கொண்டு நின்றவள் அவள். தையல் வகுப்பு போர்டும், தோளில் தூவும் நூலும், அந்தப் பொய்யிலிருந்து பிறந்தவைதான்.

“... பொண்ணுக்குக் கல்யாணமா? எப்ப? ... அடுத்த மாசமா. ... மாப்பிள்ளை அம்பர்நாத்தா, ஃபேக்டரியில சூப்பர்வைசரா. நல்ல எடம்தான். ... ஆமா. ... அவங்க காதுக்குப் போனா... ஆமா, புரியுது. பீரோவ வெட்டும்போது அந்த ஆளுக கையில கெடச்சா... ஆமா, உங்க பேரு, போட்டோ, எல்லாம் ஒட்டித்தான் இருக்கு. ... அண்ணாச்சி. அண்ணாச்சி, மூக்க உறியாதிய. பக்கத்துல வீட்டு ஆளுக இருக்கப் போறாவ.”

மேல்மாடியில் பிள்ளைகள் வாய்ப்பாடு சொல்லும் சத்தம் படிகளில் உருண்டு வந்தது.

“... பதினாலு வருசத்துல யார்கிட்டயாவது சொல்லிருக்கேனா? பீவிக்காவுக்கே தெரியாது. இன்னைக்கும் நீங்க நெசமாவே மெக்கானிக்குன்னுதான் நெனச்சுக்கிட்டு இருக்கா. ... பூட்டு போட்ட பொறவும் சொல்லலியே. ... என்னது? ... திரும்பச் சொல்லுங்க. ... நான் சாவியக் குடுத்தா, செவ்வாயும் வியாழனும் ரெண்டு ரெண்டு மணி நேரம் ரூமு வாங்கித் தருவியளா? அவங்க சிரிச்சு முடிச்ச பொறவா?”

இடது கையால் பெஞ்சின் விளிம்பைப் பிடித்துக்கொண்டாள்.

“ஒரு கார்டுக்கு நாலு மணி நேரம். ... இல்ல, கணக்கு புரியுது. ... இத்தனைக்குப் பொறவும் என்கிட்டப் பேரம் பேசுதிய பாருங்க, அதான் தாங்கல. நீங்க ரூம எடுத்ததக் கூட... சரி, அத விடுங்க. நான் உங்க கார்ட வச்சு உங்கள மிரட்டுவேன்னு நெனச்சியள்லா? ராத்திரி பூரா அப்பிடித்தான் நெனச்சிருக்கிய. அதனாலதான சுவிச் ஆப்பு? ... என் கையால ஆறு மாசம் தண்ணி வாங்கிக் குடிச்ச ஆளு. என்னைய இம்புட்டுத்தான் தெரிஞ்சிருக்கு உங்களுக்கு.”

“... இல்ல, நான் சொல்லுதேன், நீங்க கேளுங்க. ... கேளுங்க அண்ணாச்சி. யாராவது பாத்துருவாவளோன்னு இப்ப உங்களுக்குப் பயமா இருக்குல்லா? அதே பயம்தான் இங்க வெளிய நிக்க அத்தன பேருக்கும். அதுக்குத்தான் ஒரு ரூமு. அதுக்குத்தான் ஒரு கதவு. உங்களுக்குக் கதவச் சாத்தித்தான குடுத்தேன்? இந்தப் பிள்ளைக்கு மட்டும் ரோட்டப் பாக்க வச்சுக் குடுக்கணுமா?”

“... சாவி தர மாட்டேன். அந்த பீரோவுல மிச்ச ஆளுக்க கார்டும் இருக்கு, அத உங்ககிட்ட எப்பிடித் தர முடியும்? ... நீங்க வாங்க. பதினோரு மணிக்கு முந்தி வாங்க. அந்த இன்ஜினியரக் கூட்டிட்டு வந்து பூட்டத் தெறங்க. பீரோவ நான் தெறக்கேன். உங்க கார்ட எடுத்து உங்க கையிலேயே தாரேன், கிழிச்சுப் போட்டுக்கோங்க. ... அதுக்குப் பதிலா ஒண்ணும் வேண்டாம். காலின்னு எழுதுனத அடிச்சுத் திருத்தணும்னு சொல்ல மாட்டேன். திருத்தலைன்னாலும் கார்டு உங்களதுதான், தந்துருவேன். ... ஆமா. ஆனா அந்த பீரோ முன்னால நின்னு, என் மூஞ்சியப் பாத்து, இந்த ரூமு காலிதான்னு ஒரு தடவ சொல்லிட்டு வாங்கிக்கோங்க. ... அவ்வளவுதான். ... அண்ணாச்சி? ... ஹலோ? ... ஹலோ? ... கேக்குதா? ... ஹலோ...”

கேட்டுத்தான் இருந்தது. அதனால்தான் லைன் அறுந்தது.

பூமாரி கொஞ்ச நேரம் இருண்ட போனையே பார்த்துக்கொண்டு நின்றாள். பிறகு முந்தானையால் முகத்தைத் துடைத்து, தாழ்வாரத்துக்குத் திரும்பினாள். எல்லோரும் அவள் வாயையே பார்த்தார்கள். மதீனா பீவி கேட்கவில்லை, முகவாயை மட்டும் உயர்த்தினாள்: தனியாகப் போய் அப்படி என்ன பேச்சு?

“ஒண்ணுமில்லக்கா. மெஷினப் பத்திக் கேட்டாவ. இப்பமாவது ஓடுதான்னு.”

சொல்லிவிட்டு, அந்த மெஷினை இழுத்துப் பூட்டிய கதவை ஒட்டிப் போட்டாள். ரோட்டுக்கு முதுகு காட்டும்படி ஷாலினியை ஸ்டூலில் உட்கார வைத்து, அவள் முன்னால் ஒரு வெள்ளைத் துணியை விரித்தாள். துணிக்கு அடியில் மாத்திரை, காலுக்கருகில் தம்ளர். ஷாலினி குனிந்து விழுங்கினாள். எதிர்க் கடையில் பால் வாங்க நின்றவர்களுக்கு, ஒரு பெண் ஊசிக்கு நூல் கோக்கக் குனிந்தது மாதிரித்தான் தெரிந்திருக்கும்.

மணி ஒன்பதே கால். பூமாரி மெஷினின் சக்கரத்தைக் கையால் சுற்றிக்கொண்டே, வாசலில் ஆட்டோ வந்து நிற்கும் சத்தம் கேட்கிறதா என்று காதைத் தீட்டிக்கொண்டாள். நூல் இல்லாத ஊசி வெறும் துணியில் ஏறி ஏறி இறங்கியது.